கரையானுக்கும் காலண்டர் உண்டு

மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டதும், "சிவில் பையன் என்ன எழுதப் போறான், சிமெண்ட்டைப் பத்தித்தானே!" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். சிமெண்ட்டைப் பற்றிச் சொல்ல நமக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது, கிரகப்பிரவேசப் பந்தலைப் பிரித்த பிறகு அழைப்பிதழ் இல்லாமல் குடியேறும் விருந்தாளிகளைப் பற்றி. கரையான், கொசு, மாவுப்பூச்சி, எலி, கரப்பான். நம் வகுப்பில் அஸ்திவாரத்திலிருந்து மொட்டை மாடி வரை வரைகிறோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் முப்பது, நாற்பது வருஷம் மனிதர்கள் வாழ வேண்டுமே, அந்தப் பாடம் எந்த செமஸ்டரிலும் வருவதில்லை.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். செம்மண் பூமி. புற்றுக்குக் குறைவில்லை. மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். தமிழ்நாட்டின் வருட மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டிவிடுகிறது. வீட்டைச் சுற்றியுள்ள புல், பூச்செடி, பூச்சி எல்லாமே இந்த மழையை வைத்துத்தான் தங்கள் வருஷத்தைக் கணக்குப் போடுகின்றன. நாமும் அதே கணக்கில் போனால் பாதி வேலை மிச்சம்.

முதலில் கரையான். காரணம், இது ஒன்றுதான் வீட்டுக்காரரின் சேமிப்பையே தின்னக்கூடியது.

என் மாமா ஓய்வு பெற்ற பணத்தில் கட்டிய வீடு அது. ஆறாவது வருஷம் முன்வாசல் நிலையில் பெயிண்ட் லேசாகக் குமிழ் விட்டிருந்தது. அத்தை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது! வெளியே பளபளவென்று எனாமல் பெயிண்ட், உள்ளே வெறும் மண். "தேக்குன்னு சொல்லித்தானே வாங்கினோம், தேக்கைக் கரையான் தொடாதுன்னாங்களே" என்று மாமா உட்கார்ந்துவிட்டார். சொன்னது பாதி உண்மை. தேக்கின் நடுவே உள்ள வைரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது. ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் வெளிறு அப்படியல்ல, சாதாரண மரம் போலவே அரிபடும். நிலைக்கு மரம் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வைரமா வெளிறா என்று கேட்காமல், "தேக்கு" என்ற ஒரே வார்த்தைக்குப் பணம் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

கரையானைப் பற்றிச் சில அடிப்படை விஷயங்கள் தெரிந்தால் அதன் வழியை மறிப்பது எளிது. அதற்கு உடம்பு மெல்லிய தோல். காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். வேலைக்காரக் கரையானுக்குக் கண்ணும் கிடையாது. ஆகவேதான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டி அதற்குள்ளேயே நடக்கிறது. சுவரில் நாம் பார்க்கும் மண்கோடு அதன் நெடுஞ்சாலை. ஊர் இருப்பது நிலத்துக்கு அடியில். அங்கே ராணி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். சுவரில் தெரியும் கோட்டைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் தெளிப்பது, நெடுஞ்சாலையில் ஒரு லாரியைக் கவிழ்ப்பது மாதிரிதான். போக்குவரத்து வேறு பக்கம் திரும்பும், ஊர் அப்படியே இருக்கும். மண்கோட்டைக் கண்டால் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். உடைத்த இடம் மறுபடி பூசப்பட்டிருந்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மரத்திலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டினால் அது கரையான் அல்ல, மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. கரையான் மண் வைக்கும், வண்டு மாவு கொட்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தரையைத் துளை போட்டு மருந்து விட்டால் வண்டுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் செலவு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் பறக்கிறதே, அதுவும் கரையான்தான். சிறகு முளைத்த ஆணும் பெண்ணும் புற்றை விட்டுப் புறப்படும் கல்யாண ஊர்வலம் அது. கீழே விழுந்து சிறகை உதிர்த்துவிட்டு ஜோடி ஜோடியாக ஈர மண்ணில் துளை தேடும். எங்கள் பக்கம் பாட்டிமார் ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துக் கொடுப்பார்கள், நல்ல ருசி. ஆனால் வீட்டுக்குள்ளேயே, அதாவது தரை வெடிப்பிலிருந்தோ நிலையின் அடியிலிருந்தோ ஈசல் கிளம்பினால் அதை ருசிக்க உட்காராதீர்கள். புற்று உங்கள் வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது.

மாமா வீட்டுக்கு ஒருவர் மருந்தடிக்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். லேபிள் இல்லை. "இது என்ன மருந்துண்ணே?" என்று கேட்டேன். "கரையான் மருந்துதான் தம்பி, எல்லாம் ஒண்ணுதான், ஒரு இருபது லிட்டர் கலக்கி அடிச்சா வீடு முழுக்கப் போதும்" என்றார். அந்த வீட்டின் போர்வெல் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. அத்தை குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில். நான் மாமாவிடம் தனியாகச் சொன்னேன். மாமா அவருக்குப் பஸ் செலவுக்குக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. ஒரு காலத்தில் கரையானுக்கு ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்ற மூன்றையும்தான் கட்டடங்களில் ஊற்றினார்கள். மண்ணில் பல வருஷம் அழியாமல் கிடக்கும் என்பதுதான் அவற்றின் பெருமை. அதுவே அவற்றின் கேடும் ஆயிற்று. தண்ணீரிலும், மீனிலும், மனித உடம்பின் கொழுப்பிலும் போய்ச் சேர்ந்தன. 1996-ல் இந்தியாவில் மூன்றுக்கும் தடை வந்தது. உலக அளவிலும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் முதலில் ஒதுக்கப்பட்ட பன்னிரண்டு நச்சுகளில் இம்மூன்றும் உண்டு. லேபிள் இல்லாத கேனில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? முறையான பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரப் படம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சை என்றால் விஷம் குறைவு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் நிறத்தில் போட்டிருக்கிறார்கள்.

நம் கல்லூரி நூலகத்தில் இந்தியத் தரக் குறியீடுகள் இருக்கும் அலமாரியை வைவா சமயத்தில் மட்டும் தேடுகிறோம். அதில் ஐ.எஸ். 6313 என்று ஒன்று இருக்கிறது. கரையான் தடுப்புக்கென்றே எழுதியது, மூன்று பாகம். முதல் பாகம் கட்டும் முறையிலேயே தடுப்பது, இரண்டாவது கட்டும்போது மருந்து விடுவது, மூன்றாவது கட்டி முடித்த வீட்டுக்கு. மூன்றாம் பாகப்படி, சுவரும் தரையும் சேரும் மூலையில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஏற்கும் மட்டும், அதிகபட்சம் ஒரு லிட்டர் மருந்துக் கலவை விட்டு அடைக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 44 அடி, அதாவது சுமார் 13.4 மீட்டர். துளைகள் 45 வரும். ஆக ஒரே அறைக்கு 45 லிட்டர் வரை போகலாம். "வீடு முழுக்க இருபது லிட்டர்" என்றவர் கணக்கு எந்த ஊர்க் கணக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மரச் சாமானுக்கு, மரமும் சுவரும் சேருமிடத்தில் 6 மி.மீ. துளை, கீழ்நோக்கி 45 பாகைச் சாய்வில், 15 செ.மீ. இடைவெளியில். எவ்வளவு தெளிவாக இருக்கிறது!

மருந்தில் இப்போது பலரும் கேட்கும் பெயர் இமிடாக்ளோபிரிட் 30.5 எஸ்.சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. இதன் குணம் வேறு விதமானது. கரையான் இதை மோப்பத்தில் உணர்வதில்லை. மருந்து பட்ட மண்ணில் நடந்து, உடனே சாகாமல் மற்றக் கரையான்களோடு உரசி, அவற்றுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆனாலும் விஷம் விஷம்தான். உரிமம் உள்ளவர், கையுறை போட்டு, லேபிள் உள்ள டப்பாவை உங்கள் கண்ணெதிரே உடைத்துக் கலக்க வேண்டும். கிணறு, போர்வெல் பக்கம் விடவே கூடாது.

மாமா வீட்டில் மருந்துக்கு முன்னால் மண்வெட்டியை எடுத்தோம். அதுதான் நல்லதாகப் போயிற்று. முன்சுவரை ஒட்டி அழகுக்காகக் குரோட்டன்ஸ் வைத்து, மண்ணை மேலே மேலே கொட்டி, பேஸ்மட்டத்துக்கு மேலே சுவரையே தொடும் அளவுக்குப் பாத்தி உயர்ந்திருந்தது. தினமும் தண்ணீர் வேறு. கரையானுக்கு இதைவிடச் சௌகரியமான படிக்கட்டு யாரும் கட்டித் தர மாட்டார்கள். பாத்தியை வெட்டி எடுத்தோம். அடியில் பார்த்தால் சென்ட்ரிங் பலகைத் துண்டும் சவுக்குக் கம்புமாகக் கிடந்தன. கட்டும்போது மிச்சத்தை மண்ணோடு சேர்த்து நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறு வருஷச் சாப்பாடு.

ஐ.எஸ். முதல் பாகம் சொல்வதும் இதைத்தான். கட்டும் இடத்தில் வேர், அடிமரம், மரத்துண்டு எதையும் புதைக்காதே என்கிறது. நம்மில் நாளைக்கு சைட் சூப்பர்வைசராகப் போகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். முட்டுக் கம்பு மிச்சத்தை அடுப்புக்கு அனுப்புங்கள், அஸ்திவாரத்துக்கு அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் போர்வெல் இருக்கும் பக்கத்தில் மண்ணை எடுத்ததோடு சரி, மருந்தே விடவில்லை. மற்ற மூன்று பக்கமும் முறைப்படி செய்தார்கள். முன்வாசல் நிலையைக் காப்பாற்ற முடியவில்லை, கழற்றிவிட்டார்கள். மாமாவுக்கு அந்தப் பணம் ஒரு வருஷத்து மாத்திரைச் செலவுக்கு ஈடு. குரோட்டன்ஸ் இப்போது சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்கிறது. பேஸ்மட்டம் சுற்றிலும் ஒரு சாண் வெளியே தெரிகிறது. மண்கோடு ஏறினால் அன்றைக்கே கண்ணில் படும்.

இனி புல்தரை. "லான் போடலாமா?" என்று புது வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், எங்கள் ஊர் மாதிரி இடத்தில் கொரியன் புல் வேண்டாம். பத்தடிக்கு இருபதடிப் புல்தரைக்கு ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி பாய்ச்சினால் ஏறக்குறைய 470 லிட்டர். கோடையில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் தெருவில் இதைச் செய்ய மனசு வராது. அருகம்புல் இருக்கிறதே! வெயிலில் காய்ந்து பழுப்பாகும், செத்துப் போகாது, ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும்.

புல் எதுவானாலும் தினம் லேசாகத் தெளிப்பது கெடுதல். மேல் மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நிற்கும். வாரம் ஓரிரு முறை, விடியற்காலையில், ஆழமாக விடுங்கள். ஆழம் தெரிய நம் எலெக்ட்ரிகல் நண்பர்களின் நீள ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மண்ணில் குத்திப் பாருங்கள். ஈரம் உள்ளவரை சுலபமாக இறங்கும், உலர்ந்த மண்ணில் நின்றுவிடும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. சித்திரையில் கொஞ்சம் உயரமாகவே விட்டுவைத்தால் புல்லே மண்ணுக்கு நிழல். ஐப்பசியில் வாரா வாரம் வெட்டினால்தான் அடங்கும். மக்காத சாணியைப் போடாதீர்கள். வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவையும் கரையானையும் நாமே வரவேற்பது அது. கோரை முளைத்தால் மேலே பிடுங்கிப் பயன் இல்லை, கீழே கிழங்கு இருக்கிறது. தோண்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் பல முறை.

செடிகளில் மாவுப்பூச்சியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பூச்சி, இங்கே அதற்கு எதிரி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டு வாசல் செம்பருத்தி என்று எல்லாம் வெள்ளை மாவு பூத்து வாடின. மருந்தடித்து அடித்து விவசாயிகள் களைத்துப் போனார்கள். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து ஒட்டாது. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துப் பெருக்கி விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும். அந்தக் குளவிதான் பூச்சியை அடக்கியது. ஆகவே வாசல் செம்பருத்தியில் வெள்ளையாகக் கண்டதும் கடைக்கு ஓடி விஷத்தை வாங்கி அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். நுனியை வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். ஒரு லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் தெளிக்கலாம். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கிறது, ஆடு மேய்ப்பது போல.

கொசு விஷயத்தில் எல்லாருக்கும் சாக்கடை மேல்தான் கோபம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, நம் வீட்டு நல்ல தண்ணீர்தான் வேண்டும். பகலில்தான் கடிக்கும். 2012-ல் திருநெல்வேலி மாவட்டம் டெங்குவில் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டால் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள் ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் அதன் கணக்கை முந்திவிடலாம். பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், ஆட்டுக்கல் குழி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

நம் துறைக்கு இதில் தனி வேலை உண்டு. ஓவர்ஹெட் டேங்க்கின் மூடி சரியாக உட்காருகிறதா, வழிகிற குழாயின் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகரங்களில் மலேரியா பரப்பும் கொசுவுக்கு மேல்நிலைத் தொட்டியும் கிணறும்தான் வீடு. செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் உச்சியில் ஒரு துண்டு கொசுவலை கட்டினால் அங்கிருந்து வரும் இரவுக் கொசுவுக்கு வழி அடைபடும். 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கிய பிறகு வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். ஜல்லி அடைத்துப்போய் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கும் குழி, சேகரிப்புத் தொட்டியல்ல, கொசுப் பண்ணை. ஐப்பசிக்கு முன்னால், புரட்டாசியிலேயே ஜல்லியை எடுத்து அலசிப் போடுங்கள்.

எலி மழைக்கு வீட்டுக்குள் வரும். சுண்டெலி நுழையப் பென்சில் பருமன் இடைவெளி போதும். கதவடியில் தகரப் பட்டை, குழாய் போகும் துளையில் சிமெண்ட் பூச்சு, அரிசிக்கு மூடி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. பிஸ்கட்டில் தடவி வைப்பார்கள், தவழும் குழந்தைக்கு அது பிஸ்கட்டாகத்தான் தெரியும். கூண்டு வையுங்கள்.

கரப்பானுக்கு போரிக் ஆசிட், கோதுமை மாவு, சர்க்கரை சேர்த்து உருட்டிக் குழந்தைக்கு எட்டாத இடுக்கில் வைக்கலாம். அதைவிடச் சுலபமானது நஹானி ட்ராப்பில் இருக்கிறது. தரையில் ஓட்டைப் போட்ட மூடிக்குக் கீழே இரண்டு அங்குலம் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும்படிதான் அதை அமைக்கிறோம். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்கும் கரப்பானுக்கும் கதவு. விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் பாத்ரூமில், கோடையில் அது காய்ந்துபோய்க் கதவு திறந்து கிடக்கும். "யாரும் புழங்காத ரூம்ல எப்படிடா இவ்வளவு கரப்பான்?" என்று அத்தை கேட்டது இதனால்தான். சனிக்கிழமைதோறும் அங்கே இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.